மலையில் கம்பியில்லா கேஸ் டிடெக்டரைச் சோதிக்கும் முறை: விடுதி, தேயிலைத் தொழிற்சாலை நடத்துவோருக்கு

டிடெக்டரில் இருக்கும் 'டெஸ்ட்' பட்டனை அமுக்கினால் பஸ்ஸர் கத்தும், விளக்கு மின்னும். அதனால் தெரிவது பஸ்ஸரும் விளக்கும் வேலை செய்கின்றன என்பது மட்டுமே. சென்சார் செத்துப்போய் ஒரு வருடம் ஆகியிருந்தாலும் பட்டனுக்கு அது தெரியாது. கம்பியில்லா டிடெக்டரில் இன்னொரு ஏமாற்றும் உண்டு. ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் எல்லாக் கட்டங்களும் பச்சையாக இருக்கும். ரேடியோ நன்றாகப் பேசுகிறது என்பதுதான் அந்தப் பச்சைக்கு அர்த்தம். கேஸ் வந்தால் அது உணருமா என்பது வேறு கேள்வி.

முழுச் சோதனை என்றால், அளவு தெரிந்த கேஸை சென்சாரிடம் காட்ட வேண்டும். அது சரியான எண்ணைக் காட்டுகிறதா, அந்த எண் கேட்வேக்கு (எல்லா டிடெக்டர்களின் ரேடியோ செய்தியையும் வாங்கும் மையக் கருவி) எத்தனை நொடியில் போகிறது, அங்கிருந்து சைரனும் கேஸ் வால்வும் மின்விசிறியும் இயங்குகின்றனவா என்று கடைசி வரை பார்க்க வேண்டும். கடலில் நிற்கும் எண்ணெய்க் கிணற்று மேடைகளிலும் இதே சங்கிலியைத்தான் சோதிக்கிறார்கள். அங்கே மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும். இங்கே எல்பிஜியும் கார்பன் மோனாக்சைடும். அங்கே உப்புக்காற்றும் இரும்புச் சுவரும் தொல்லை. இங்கே உயரமும் ஈரமும் கருங்கல் சுவரும். கேபிள் இழுக்கும் செலவை மிச்சப்படுத்தத்தான் இரண்டு இடத்திலும் கம்பியில்லாக் கருவி வந்தது. பழைய பங்களாவின் ஒன்றரை அடிச் சுவரைத் துளைத்துக் குழாய் பதித்தவர்களுக்கு அந்த அருமை தெரியும்.

உயரம் என்ன செய்கிறது

கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 1013 மில்லிபார். மேட்டுப்பாளையத்தில் சுமார் 975, கூடலூரில் 890, குன்னூரில் 810, ஊட்டியில் 770. கொடைக்கானலில் 785 அளவு இருக்கும். அழுத்தம் குறைந்தால் ஒரு லிட்டர் காற்றில் இருக்கும் மூலக்கூறுகளும் குறையும். இதை எந்தச் சென்சார் எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதில்தான் முக்கால்வாசிக் குழப்பமும் வருகிறது.

அகச்சிவப்பு வகைச் சென்சார் ஒளிப்பாதையில் இருக்கும் கேஸ் மூலக்கூறுகளை எண்ணுவது போலத்தான் வேலை செய்கிறது. பேட்டரியில் ஓடும் கம்பியில்லா எல்பிஜி டிடெக்டர்களில் இந்த வகை நிறைய உண்டு, ஏனென்றால் மின்சாரம் குறைவாகக் குடிக்கும். கோவையில் (அங்கே அழுத்தம் சுமார் 965) 50 காட்டும்படி கேலிப்ரேட் செய்த, அதாவது எண்ணைத் திருத்திவைத்த, கருவியை ஊட்டிக்குக் கொண்டுவந்து அதே கேஸைக் காட்டினால், அழுத்தத்துக்கு ஈடுசெய்யும் வசதி இல்லாவிட்டால், சுமார் 40தான் காட்டும். உண்மையில் இருப்பது 50. குறைத்துக் காட்டுவது ஆபத்தான பக்கம். 'சர்வீஸ் சென்டரிலேயே கேலிப்ரேட் செய்து சான்றிதழோடு வந்திருக்கிறது' என்று யாராவது நீட்டினால், சான்றிதழில் எந்த ஊர் என்று பாருங்கள். சமவெளி ஊர் என்றால் பொருத்திய இடத்தில் இன்னொரு முறை செய்தே ஆக வேண்டும்.

அழுத்த ஈடுசெய்தல் உள்ள சில மாடல்களில் அழுத்தத்தைக் கையால் உள்ளிடச் சொல்லும். இங்கே பலர் வழுக்குவார்கள். போனில் வானிலைச் செயலி ஊட்டிக்கு 1012 என்று காட்டும். அது கடல்மட்டத்துக்கு மாற்றிக் கணக்கிட்ட எண். அதை உள்ளிட்டால் ஈடுசெய்தலே நடக்காது. உண்மையான அழுத்தம்தான் வேண்டும். இடத்தின் உயரத்தை வைத்துக் கணக்கிடலாம், அல்லது அழுத்தம் அளக்கும் சென்சார் உள்ள போனில் திருத்தப்படாத அளவைப் பார்க்கலாம்.

கேட்டலிட்டிக் வகை, அதாவது சூடான மணியில் கேஸை எரித்து அளப்பது, உயரத்தால் அதிகம் பாதிக்கப்படாது. கார்பன் மோனாக்சைடுக்கான எலக்ட்ரோகெமிக்கல் செல்லும் அப்படியே. ஆக்சிஜன் சென்சார்தான் இரண்டு ரகம். நுண்துளை வழியாகக் காற்றை எடுப்பது சதவீதத்தை அளக்கும், ஆகவே ஊட்டியிலும் 20.9 காட்டும். ஆனால் மலையேறும்போது அழுத்தம் மாறுவதால் சற்று நேரம் தாறுமாறாக ஆடும். வண்டியை விட்டு இறங்கியதும் அதை நம்பாமல் நிலைகொள்ள விடுங்கள். சவ்வு வழியாக எடுக்கும் இன்னொரு ரகம் பகுதி அழுத்தத்தை, அதாவது காற்றழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கை, அளக்கும். கோவையில் சரிசெய்தது ஊட்டியில் 16.7 காட்டி, 19.5இல் வைத்திருக்கும் அலாரத்தை அடித்துக்கொண்டே இருக்கும். ஊட்டியில் 20.9க்குத் திருத்திவிட்டு அதையே மேட்டுப்பாளையம் எடுத்துப்போனால் 26க்கு மேல் காட்டும். மேலும் கீழும் போகும் கைக்கருவியை ஒவ்வோர் இடத்திலும் திருத்தாமல் பயன்படுத்த முடியாது.

சோதனைக்கு வேண்டியவை

சோதனை கேஸ் சிலிண்டர் 58 லிட்டர் அளவு போதும். எல்பிஜி டிடெக்டருக்கு, அது எந்தக் கேஸுக்குக் கேலிப்ரேட் ஆனதோ அந்தக் கேஸ்: பெரும்பாலும் புரொப்பேன், சிலவற்றில் பியூட்டேன். எரியத் தொடங்கும் குறைந்தபட்ச அளவில், அதாவது எல்இஎல்லில், 50 சதவீதம் உள்ள கலவையை வாங்குங்கள். காற்றில் கலந்ததாக இருக்க வேண்டும். நைட்ரஜனில் கலந்ததை வாங்கிவிட்டால் கேட்டலிட்டிக் சென்சாரில் எரிய ஆக்சிஜன் இருக்காது. கேஸ் இருந்தும் எண் ஏறாது, நல்ல சென்சாரைக் கழற்றி வீசுவீர்கள்.

மீத்தேன் சிலிண்டர் எளிதாகக் கிடைக்கிறது என்று அதை எல்பிஜி டிடெக்டரில் காட்டாதீர்கள். புரொப்பேனுக்கு வைத்த அகச்சிவப்புக் கருவியில் மீத்தேன் மிகக் குறைவாகவே பதியும். கேட்டலிட்டிக்கில் எதிர்மாறாக எண் கூடும்.

லேபிளில் இன்னொரு கண்ணி உண்டு. புரொப்பேனின் எல்இஎல் பழைய அமெரிக்க வழக்கில் கன அளவில் 2.1 சதவீதம், சர்வதேச ஐஇசி தரத்தில் 1.7. '50 சதவீத எல்இஎல்' என்று எழுதிய சிலிண்டரில் 1.05 சதவீதப் புரொப்பேன் இருந்து, உங்கள் கருவி ஐஇசி கணக்கில் ஓடினால், சரியான காட்சி 50 அல்ல, 62. இது தெரியாமல் 50க்கு இறக்கித் திருத்தினால் கருவி இனி எப்போதும் குறைத்தே காட்டும். லேபிளில் கன அளவுச் சதவீதம் கண்டிப்பாக அச்சாகியிருக்கும். அதை வைத்தே கணக்குப் போடுங்கள்.

கார்பன் மோனாக்சைடுக்கு, தொழிற்சாலை டிடெக்டர் என்றால் 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு), அறைகளில் மாட்டும் வீட்டு வகை அலாரம் என்றால் 400 பிபிஎம். 58 லிட்டர் முழுவதையும் ஒரு சாதாரண அறையில் திறந்துவிட்டாலும் அறைக் காற்றில் 1 பிபிஎம்கூட ஏறாது, ஆகவே பயப்பட வேண்டியதில்லை. குழாய் முனையில் மூக்கை வைக்காமல் இருந்தால் சரி.

நிமிடத்துக்கு 0.5 லிட்டர் விடும் நிலையான ரெகுலேட்டர், கருவிக் கம்பெனி தரும் கேலிப்ரேஷன் கப், ஒரு மீட்டருக்கு மிகாத டெஃப்லான் அல்லது டைகான் குழாய், போனிலுள்ள ஸ்டாப்வாட்ச், ஒரு நோட்டு. சில மாடல்களுக்கு 1 லிட்டர் ரெகுலேட்டர் தேவை. மேனுவலைப் பார்த்து வாங்குங்கள். சிலிக்கோன் குழாய் வேண்டாம், காரணம் பின்னால் வரும். கார்பன் மோனாக்சைடு கருவிக்குக் கூடவே சுத்தக் காற்றுச் சிலிண்டர் ஒன்றும் வேண்டும். சிலிண்டரில் காலாவதித் தேதி போட்டிருக்கும். தாண்டியிருந்தால் அதை வைத்துத் திருத்தாதீர்கள்.

லைட்டரைப் பற்ற வைக்காமல் டிடெக்டரின் வாயில் ஊதுவது நம் ஊரில் பரவலான 'சோதனை'. அலாரம் அடிக்கும், எல்லோருக்கும் திருப்தி. ஆனால் லைட்டரிலிருந்து வருவது கிட்டத்தட்ட சுத்த பியூட்டேன். 20 சதவீத எல்இஎல்லில் கத்த வேண்டிய கருவி 20இல் கத்தியதா, 80இல் கத்தியதா என்பது அதில் தெரியாது. பாதி உணர்வை இழந்த சென்சாரும் தேறிவிடும். கேட்டலிட்டிக் மணி அளவு மீறிய கேஸில் சூடேறிக் கெட்டும் போகும். கார்பன் மோனாக்சைடு அலாரத்துக்கு ஊதுபத்தியும் பீடியும் காட்டுவதும் இதே கதை.

கேஸ் காட்டும் முன்

சமையல்காரர், ரிசப்ஷன், தொழிற்சாலை என்றால் டிரையர் பகுதி மேற்பார்வையாளர், எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். டிடெக்டர் அலாரம் கேஸ் லைனின் சொலினாய்டு வால்வை (மின்சாரத்தில் இயங்குவது) மூடும்படி இணைத்திருந்தால், மதியச் சமையல் நடுவே அடுப்புகள் அணையும். அதைத் தவிர்க்க கேட்வேயில் அந்த வெளியீட்டைத் தற்காலிகமாக முடக்கி வைப்பார்கள். முடக்கியதை நோட்டில் நேரத்தோடு எழுதுங்கள். சோதனை முடிந்து போகும் அவசரத்தில் மறப்பது பெரும்பாலும் இதைத்தான். ஒரு டிடெக்டரையாவது எதையும் முடக்காமல் சோதித்து, வால்வு உண்மையிலேயே மூடுகிறதா, விசிறி ஓடுகிறதா என்று கண்ணால் பாருங்கள். பல மாதம் அசையாமல் கிடந்த வால்வு ஒட்டிக்கொண்டிருப்பது சாதாரணம்.

பொருத்திய இடத்தையும் ஒருமுறை பாருங்கள். எல்பிஜி காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம், தரையோடு படரும். டிடெக்டர் தரையிலிருந்து 15 முதல் 30 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், ஆனால் தரை கழுவும் தண்ணீர் தெறிக்காத மூலையில். மேடு பள்ளமான மலைக் கட்டடங்களில் சிலிண்டர் பேங்க் மேல் மட்டத்திலும் அறைகள் கீழ் மட்டத்திலும் இருக்கும். கசிந்த கேஸ் படிக்கட்டு வழியாகவும் சாக்கடை வழியாகவும் கீழறைக்குத்தான் இறங்கும். அங்கே ஒரு டிடெக்டர் இல்லையென்றால் மேலே உள்ளதை எத்தனை முறை சோதித்தும் பயனில்லை. கார்பன் மோனாக்சைடு காற்றோடு கிட்டத்தட்ட ஒரே எடை, எளிதில் கலந்துவிடும். மூச்சு விடும் உயரத்தில் மாட்டினால் போதும். தேயிலை டிரையர் அறையில் சூடான காற்றுக் குழாய்க்கு ஒட்டினாற்போல் மாட்டாதீர்கள், எலக்ட்ரோகெமிக்கல் செல் பொதுவாக 50 டிகிரியோடு சரி.

பூஜ்யம் சரிசெய்வதில் நம் ஊருக்கென்று ஒரு பிரச்சினை. மேனுவல், 'சுத்தமான வெளிக்காற்றில் பூஜ்யம் வைக்கவும்' என்னும். டிசம்பர், ஜனவரி மாலைகளில் கணப்பும் விறகடுப்பும் எரிய, குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கிலேயே தங்கிவிடும்போது வெளிக்காற்றிலேயே சில பிபிஎம் கார்பன் மோனாக்சைடு இருக்கும். விறகு எரியும் டிரையர் அறையில் கேட்கவே வேண்டாம். அந்தக் காற்றை 'பூஜ்யம்' என்று கருவிக்குச் சொல்லிக்கொடுத்தால், பிறகு அது காட்டும் ஒவ்வோர் எண்ணிலும் அவ்வளவு குறையும். சுத்தக் காற்றுச் சிலிண்டர் இதற்குத்தான்.

கேஸ் காட்டும் சோதனை

மேனுவல்களில் 'பம்ப் டெஸ்ட்' என்று இருப்பது கேஸ் காட்டி அலாரம் வருகிறதா என்று மட்டும் பார்ப்பது. கேலிப்ரேஷன் என்பது எண்ணையே திருத்துவது. முதலில் காட்டிப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் திருத்துங்கள். திருத்துவதற்கு முன் கருவி என்ன காட்டியது என்பதை நோட்டில் எழுதாமல் கேலிப்ரேஷன் பட்டனைத் தொடாதீர்கள். அந்த எண்தான் கடந்த மூன்று மாதம் கருவி எந்த நிலையில் உங்களைக் காத்தது என்று சொல்லும். திருத்திய பிறகு எல்லாமே 50 என்றுதான் இருக்கும்.

கப்பைச் சென்சார் மேல் பொருத்துங்கள். வெளிக்காற்று புகாதபடி உட்கார வேண்டும், ஆனால் கப்பின் வெளியேறும் துளையை விரலால் அடைக்கக் கூடாது. அழுத்தம் ஏறினால் எண்ணும் பொய்யாக ஏறும். ஒருவர் டிடெக்டர் அருகிலும் ஒருவர் கேட்வே திரை முன்னும் போனில் பேசிக்கொண்டே நிற்பது நல்லது. ரெகுலேட்டரைத் திறக்கும் நொடியில் ஸ்டாப்வாட்ச். பின்வரும் நான்கு நேரங்களைக் குறியுங்கள்:

எண் அசையத் தொடங்கிய நொடி.
முதல் அலாரம் அடித்த நொடி. எல்பிஜிக்கு வழக்கமாக 20 சதவீத எல்இஎல்.
அதே அலாரம் கேட்வே திரையில் தெரிந்த நொடி.
சைரன் அல்லது போன் அழைப்பு ஆளின் காதில் விழுந்த நொடி.

ஒன்று முதல் இரண்டு நிமிடத்தில் எண் நிலைகொள்ளும். சிலிண்டர் அளவிலிருந்து 10 சதவீதத்துக்குள் இருந்தால் விட்டுவிடலாம். 10க்கும் 20க்கும் இடையில் என்றால் கேலிப்ரேட் செய்யுங்கள். 20 சதவீதத்துக்கும் மேல் குறைந்தால் திருத்துவதற்கு முன் காரணம் தேடுங்கள். கேஸை மூடி, கப்பை எடுத்து, எண் பூஜ்யத்துக்குத் திரும்பும் நேரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். ஏறும்போது ஒழுங்காக ஏறி, இறங்க மறுக்கும் சென்சாரும் கிழடுதான். ஒரு டிடெக்டருக்கு ஒரு லிட்டருக்குள் செலவாகும், ஆக 58 லிட்டரில் ஐம்பது சோதனை தாராளம்.

எண் சரியாக வந்து, வருவதற்கு மட்டும் நேரமாகிறது என்றால் குற்றம் சென்சார் மேல் அல்ல, முன்னால் உள்ள வடிகட்டி மேல். சமையலறையில் எண்ணெய்ப் பிசுக்கு. தேயிலைச் சலிப்பு அறையில் பறக்கும் தூசியும் நாரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் குன்னூர்ப் பக்கம் சென்சார் முகத்தில் படியும் நீர்ப்படலம். வடிகட்டியை மாற்றுங்கள். கம்ப்ரசர் காற்றை ஊதினால் தூசி உள்ளேதான் போகும். இன்னொன்று: கப் வழியாகச் சோதிக்கும்போது சில மாடல்களில் கேஸ் வடிகட்டியைத் தாண்டிப் பின்பக்கமாக நுழையும். அப்படியென்றால் முழுவதும் அடைபட்ட டிடெக்டரும் சோதனையில் தேறும். உங்கள் மாடலில் கேஸ் எந்த வழியாகப் போகிறது என்று ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

எண்ணே குறைகிறது என்றால், எல்பிஜி கேட்டலிட்டிக் சென்சாரில் முதல் சந்தேகம் சிலிக்கோன். மழைக்கு முன் ஜன்னல் இடுக்குகளில் பிதுக்கும் சீலன்ட், கதவுக் கீலுக்கு அடிக்கும் ஸ்பிரே, சில பாலிஷ்கள் எல்லாவற்றிலும் அது உண்டு. அதன் ஆவி சூடான மணியில் படிந்து மணலைப் போல் மூடிவிடும். அந்தச் சென்சார் மீளாது. பராமரிப்பு ஆட்கள் சீலன்ட் அடித்த வாரத்துக்குப் பிறகு எல்லாவற்றையும் ஒருமுறை சோதிப்பது வீண் வேலை அல்ல. அகச்சிவப்பு வகைக்கு இந்த விஷம் ஏறாது, ஆனால் ஒளிச்சாளரத்தில் படியும் நீர்த்துளி அதை ஏமாற்றும்.

எலக்ட்ரோகெமிக்கல் செல்லுக்குள் நீர்க்கரைசல் இருக்கிறது. மாதக்கணக்கில் நனைந்த காற்றில் அது நீரை உறிஞ்சி வீங்கும். மாசி, பங்குனி வறட்சியில் உலரும். அதனால் வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஒரு சோதனை, கோடை சீசன் தொடங்கும் முன் ஒரு சோதனை என்று வைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் பிடிபடும்.

கேஸே இல்லாமல் அடிக்கும் அலாரங்களுக்கும் உள்ளூர்க் காரணம் உண்டு. படிக்கட்டுக்கு அடியில் இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும். கார்பன் மோனாக்சைடு செல் அதையும் உணரும். யூக்கலிப்டஸ் தைலக் கேன்கள் அடுக்கிய அறையிலும், ஸ்பிரிட் போட்டுத் துடைக்கும் இடத்திலும் எரிவாயுச் சென்சார் அதிரும். அலாரத்தை அணைக்காதீர்கள், பேட்டரியையோ கேனையோ நகர்த்துங்கள்.

அறைகளில் மாட்டும் கார்பன் மோனாக்சைடு அலாரம்

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், நன்றாக இருக்கும் கருவியைக் கெட்டது என்று எண்ணுவதும், கெட்டதை நன்று என்று எண்ணுவதும் இங்கேதான் அதிகம். கேஸ் கீசர் உள்ள குளியலறைக்கு வெளியேயும், கணப்பு உள்ள காட்டேஜிலும் இது இருக்க வேண்டும். குளிருக்காகக் கரிக் கங்கை அறைக்குள் வைத்துத் தூங்குவோரைத் தடுக்க அறிவிப்புப் பலகை மட்டும் போதாது.

வீட்டு வகை அலாரம் வேண்டுமென்றே தாமதமாக அடிக்கும்படி செய்யப்பட்டது. ஐரோப்பிய இஎன் 50291 தரப்படி 50 பிபிஎம்மில் 60 முதல் 90 நிமிடம், 100இல் 10 முதல் 40 நிமிடம், 300இல் 3 நிமிடத்துக்குள். அமெரிக்க யுஎல் 2034 தரப்படி 70இல் ஒன்று முதல் நான்கு மணி நேரம், 150இல் 10 முதல் 50 நிமிடம், 400இல் 4 முதல் 15 நிமிடம். ஆகவே 100 பிபிஎம் கேஸை ஒரு நிமிடம் காட்டிவிட்டு 'அடிக்கவில்லை, வேலை செய்யவில்லை' என்பது தவறு. பின்புறம் எந்தத் தரம் அச்சாகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

சோதிக்க ஒரு தெளிவான பிளாஸ்டிக் பையால் அலாரத்தை மூடி, உள்ளே உள்ள காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, குழாயை நுழைத்து வாயை லேசாகக் கட்டுங்கள். பெரிய பை வேண்டாம். அரை லிட்டர் வேகத்தில் அது நிறைவதற்கே பத்து நிமிடம் போகும். பை உப்பிய பிறகே நேரத்தை எண்ணத் தொடங்குங்கள். இஎன் வகை மூன்று நிமிடத்தில் அடிக்க வேண்டும்; யுஎல் வகைக்குப் பதினைந்து நிமிடம் வரை பொறுக்க வேண்டும். அதற்கு ஏழெட்டு லிட்டர் செலவாகும், ஆக ஒரு சிலிண்டரில் ஏழு அறைதான். கம்பெனி 'விரைவுச் சோதனை' முறை கொடுத்திருந்தால் அதைப் பயன்படுத்தி மிச்சம் பிடிக்கலாம். பின்புறம் போட்டிருக்கும் 'மாற்ற வேண்டிய தேதி' தாண்டியதைச் சோதிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

ரேடியோ பக்கம்

வெள்ளைப் பனிமூட்டம் இறங்கும்போது சிக்னல் போகிறது என்பார்கள். மூட்டம் 2.4 கிகாஹெர்ட்ஸையோ 865 மெகாஹெர்ட்ஸையோ கிட்டத்தட்ட ஒன்றும் செய்வதில்லை. அதே நேரத்தில் நனைந்து நிற்கும் மர இலைகளும், ஆன்டெனா இணைப்புக்குள் கோர்த்த தண்ணீரும்தான் காரணம். வெளியே உள்ள இணைப்பில் நீர்புகா டேப் சுற்றி, கேபிளை இணைப்புக்குக் கீழே ஒரு வளையம் தொங்கவிட்டுக் கொண்டுபோனால் பாதிப் புகார் நின்றுவிடும்.

சிக்னலை நல்ல நாளில் அளக்காதீர்கள். சிலிண்டர் பேங்கின் தகரக் கதவு மூடியிருக்க, சமையலறையில் ஸ்டீல் பாத்திரமும் ஆட்களும் நிறைந்திருக்க, மழையில் அளந்து பாருங்கள். கருவிகள் ஒன்றன் செய்தியை இன்னொன்று கடத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மெஷ் வகையில் சிக்னல் அளவு மைனஸ் 75 டிபிஎம்முக்கு மேல் இருந்தால் நிம்மதி. ஒவ்வொரு டிடெக்டரும் குறைந்தது மூன்று அண்டைக் கருவிகளோடு பேசும்படி அமையுங்கள். கருங்கல் சுவரைத் துளைக்க முயல்வதைவிட வராந்தாவில் ஒரு ரிப்பீட்டர் வைப்பது மலிவு.

பிறகு, வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். ஒரு டிடெக்டரின் பேட்டரியைக் கழற்றுங்கள். கேஸ் இருக்கக்கூடிய பகுதி என்றால், 'அங்கேயே மாற்றலாம்' என்று சான்றளித்த பேட்டரி பேக் இல்லாவிட்டால், கருவியை வெளியே எடுத்துவந்து கழற்றுங்கள். குறித்த நேரத்துக்குள் கேட்வே 'தொடர்பு இல்லை' என்று அலாரம் அடிக்க வேண்டும். கடைசியாக வந்த '0' எண்ணையே பச்சையில் காட்டிக்கொண்டிருந்தால் அந்த அமைப்பை ஏற்காதீர்கள். செத்த டிடெக்டரும் கேஸ் இல்லாத அறையும் அதன் கண்ணுக்கு ஒன்று. அடுத்து கேட்வேயின் மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கேஸ் காட்டுங்கள். டிடெக்டர் தன்னிடத்திலாவது கத்த வேண்டும், மின்சாரம் திரும்பியதும் நிலவரத்தைத் தானே சொல்ல வேண்டும். காற்று மழையில் மரம் விழுந்து மணிக்கணக்கில் கரண்ட் போகும் ஊரில் கேட்வேக்கும் ரூட்டருக்கும் தனி யுபிஎஸ் இல்லாமல் ஓட்டுவது சரியல்ல. எஸ்எம்எஸ் எச்சரிக்கையைக் கூடுதல் வசதியாக மட்டும் வையுங்கள். டவர் கிடைக்காத காட்டேஜ் எது என்று உங்களுக்கே தெரியும்.

கரண்டில் ஓடி ரேடியோவில் பேசும் மலிவான செமிகண்டக்டர் வகைகள் நெடுநேரம் அணைந்து கிடந்தால், மறுபடி சூடாகி நிலைகொள்ள ஒரு நாள் வரை எடுக்கும். கரண்ட் வந்ததும் சோதித்துத் திருத்தினால் திருத்தமே தவறாகும்.

லித்தியம் தயோனில் குளோரைடு பேட்டரி கடைசி வரை கிட்டத்தட்ட 3.6 வோல்ட் காட்டிவிட்டு ஒரே சரிவாக விழும். மல்டிமீட்டரில் 3.6 வந்தது என்று அடுத்த வருடம்வரை விடாதீர்கள். போட்ட தேதியை வைத்து மாற்றுங்கள். நெடுநாள் கடையில் கிடந்த புதுப் பேட்டரி, சைரன் அடிக்கும் நொடியில் வோல்ட் சரிந்து கருவியை ரீசெட் செய்யலாம். அதனால் பேட்டரி மாற்றிய பிறகு பட்டனை அமுக்கிப் பார்ப்பது மட்டும் போதாது, கேஸ் காட்டி முழு அலாரத்தையும் அடிக்க வைக்க வேண்டும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை

கையில் எடுத்துப்போகும் கருவி என்றால் வேலை தொடங்கும் ஒவ்வொரு நாளும். பொருத்தியதற்கு முதல் மூன்று மாதம் மாதம் ஒருமுறை, விலகல் 10 சதவீதத்துக்குள் இருந்தால் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. கம்பெனி இதைவிட நெருக்கமாகச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

நோட்டில் டிடெக்டர் எண், சோதனைச் சிலிண்டரின் லாட் எண்ணும் காலாவதியும், திருத்தும் முன் காட்டிய எண், பின் காட்டிய எண், நான்கு நேரங்கள், சிக்னல் அளவு, பேட்டரி தேதி, முடக்கியதும் விடுவித்ததும் ஆன நேரம். தேறாத டிடெக்டரின் பகுதியில் மாற்று வரும்வரை கேஸை சிலிண்டர் வால்விலேயே மூடுங்கள், அல்லது கைக்கருவியோடு ஆள் நிற்கட்டும். அறை என்றால் கீசரையும் கணப்பையும் பூட்டி, விருந்தினரை வேறு அறைக்கு மாற்றுங்கள். காலியான சோதனைச் சிலிண்டரை வெளியே திறந்து முழுவதும் விட்டபின், 'காலி' என்று எழுதி விற்றவரிடமே திருப்பிக் கொடுங்கள். பழைய லித்தியம் பேட்டரியின் இரு முனைகளிலும் டேப் ஒட்டித் தனி டப்பாவில் சேருங்கள், குப்பையோடு எரிக்கப் போகும் மூட்டையில் போடாதீர்கள், நெருப்பில் அது வெடிக்கும்.